வாசல் மாறி உட்கார்ந்தவள்

“இயேசு வாரதுக்குக் காத்திருக்கணும்னு பூசையில சொன்னாங்க. கண்ணை மூடி உக்காந்தா எங்க வீட்டு ஆளு நெனப்புதான் வருது. இது பாவமா, பிரதர்?”

கேட்டவள் செசிலி. ஐம்பத்திரண்டு வயது. மீன் விற்றுப் பழகிய குரல். சந்தேகம் கேட்டாலும் விலை பேசுவது போலவே இருக்கும்.

கேட்கப்பட்டவர் பிரதர் தோபியாஸ். அவளைவிடப் பத்து வயது இளையவர். கடற்கரை ஊருக்கு வெளியே, செம்மண் மேட்டில், ஓடு போட்ட சின்ன மடம் ஒன்றில் தனியாக இருந்தார். ஞானி என்றால் தாடி வேண்டும் என்பது ஊர் வழக்கம். இவருக்கு நாலு முடிக்கு மேல் வளரவில்லை. அதைப் பார்த்துவிட்டே பலர் பாதி வழியில் திரும்பிப் போனார்கள் என்று கேள்வி.

அன்று திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமும் மனதைக் கூட்டிப் பெருக்கி வைத்துக்கொண்டு, வரப்போகிறவருக்காகக் காத்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் வீட்டுக்கு வெள்ளையடிப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

பிரதர் சவுக்குக் கிளைகளை வளையமாகக் கட்டி, அதில் நான்கு மெழுகுவர்த்திகளை நட்டுக்கொண்டிருந்தார். வாரத்துக்கு ஒன்றாக ஏற்ற வேண்டும். மூன்று ஊதா, ஒன்று ரோஸ்.

“அவரு போயி எத்தனை வருஷம் ஆச்சு, அக்கா?”

“போகல்ல. வரல்ல,” என்றாள் செசிலி. “நாலு வருஷமா வரல்ல.”

நான்கு வருஷத்துக்கு முன் வந்த புயலில் அந்த ஊரின் பதினோரு பேர் திரும்பவில்லை. பத்து வீட்டில் உடல் இல்லாமலே பூசை வைத்து, கல்லறைத் தோட்டத்தில் சிலுவை நட்டுவிட்டார்கள். பதினோராவது ஆள் செசிலியின் புருஷன் வியாகப்பன். பங்குச்சாமி மூன்று தடவை வீட்டுக்கு வந்து பேசிப் பார்த்தார். மூன்று தடவையும் காப்பி கொடுத்து அனுப்பி வைத்தாள்.

“இப்ப என்ன அவசரம்?” என்று கேட்டார் பிரதர்.

“மவளுக்குக் கல்யாணம். ஜனவரியில. கார்டு அடிக்கணும். அப்பா பேருக்கு முன்னால ‘காலஞ்சென்ற’ன்னு போடுங்கன்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லுதாங்க. போடல்லன்னா, பொண்ணுக்கு அப்பா எங்கன்னு வாரவங்க எல்லாம் கேப்பாங்களாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எங்கையாலயே அவரைக் கொல்லச் சொல்லுதீங்களான்னு கேட்டேன்.”

“அவங்க?”

“கிறிஸ்துமஸுக்குள்ள முடிவு சொல்லுங்கன்னாங்க. பிரஸ்காரனும் அதுவரைக்கும்தான் பொறுப்பானாம்.” கொஞ்சம் நிறுத்தினாள். “அந்த வார்த்தையைப் போட்டுட்டா, பொறவு நான் யாருக்காக விளக்கு வைக்கேன்? போடல்லன்னா பிள்ளைக்குக் கல்யாணம் நின்னுருமோ? எனக்கு ஒண்ணும் ஓடல்ல, பிரதர்.”

பிரதர் மெழுகுவர்த்தியின் திரியைக் கிள்ளி நேராக்கினார்.

“உங்க வீட்டுக்கு எத்தனை வாசல்?”

“ரெண்டு. கடல் பாத்து ஒண்ணு. ரோட்டைப் பாத்து ஒண்ணு.”

“விளக்கு எந்த வாசல்ல?”

“கடல் வாசல்லதான். அஞ்சு மணிக்கு ஏத்துவேன். எட்டு மணி வரைக்கும் பக்கத்துலயே இருப்பேன். மோட்டார் சத்தத்தை வச்சே எது யாரு வள்ளம்னு சொல்லிருவேன்.”

“இந்த நாலு வாரமும் ரோட்டு வாசல்ல உக்காருங்க.”

செசிலி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அவரு கடலுக்குப் போனாரு, பிரதர். ரோட்டுல எப்படி வருவாரு?”

“தெரியாது.”

“பின்ன விளக்கை அணைச்சிரணுமா?”

“விளக்கு அங்கயே எரியட்டும். நீங்க மட்டும் இங்க வாங்க.”

பிரதர் தீப்பெட்டியை எடுத்தார். முதல் மெழுகுவர்த்தியை ஏற்றினார். வாரும் ஆண்டவரே, வாரும் என்று பாடினார். குரலும் தாடி மாதிரிதான், சுமார்.

செசிலி அவரோடு சேர்ந்து பாடவில்லை.



இரண்டாவது ஞாயிறு அவள் கோபத்தோடு வந்தாள்.

“மத்தவங்களுக்கு எல்லாம் ஜெபமாலை சொல்லு, சங்கீதம் வாசி, ஒரு பொழுது இருன்னு சொல்லுதீங்க. எனக்கு மட்டும் வாசல் நடையில உக்காருன்னு சொல்லியிருக்கீங்க.”

“உக்காந்தீங்களா?”

“உக்காந்தேன்.”

“யாரு வந்தா?”

“யாரும் வரல்ல.”

“ஏழு நாளுமா?”

“கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தான். வோட்டர் லிஸ்ட் பாக்க ஒரு டீச்சர் வந்தாங்க. பக்கத்து வீட்டு நாய் வந்துச்சு. அவ்வளவுதான்.”

“பொழுது சாயும்போ?”

“சாயங்காலம் யாரு வருவா? ரெஜிலா மட்டும்தான் வேலை முடிஞ்சு வருவா.”

ரெஜிலா அவள் மகள். டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். ஜனவரியில் கல்யாணம் ஆகப்போகிறவள் அவள்தான்.

“அப்ப ஒருத்தங்க வந்திருக்காங்க,” என்றார் பிரதர்.

“அவ வீட்டு ஆளு. அவளைக் கணக்குல சேக்கலாமா?”

பிரதர் வளையத்தில் சாய்ந்திருந்த ஒரு மெழுகுவர்த்தியை நிமிர்த்தினார். “எந்த பஸ்ல வாரா?” என்று கேட்டார்.

“ஆறரை பஸ்ல.”

“பஸ் ஸ்டாப்பு எவ்வளவு தூரம்?”

“அஞ்சு நிமிஷ நடை.”

“வீட்டுக்கு எத்தனை மணிக்கு வாரா?”

செசிலி விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். கணக்கு வரவில்லை. எட்டு மணிக்கு அவள் விளக்கடியிலிருந்து எழுந்து உள்ளே வரும்போது மகள் எப்போதும் வீட்டில் இருப்பாள். சோறு வெந்திருக்கும். எப்போது வந்தாள், எப்போது உலை வைத்தாள் என்பதெல்லாம் இந்த நான்கு வருஷத்தில் அவளுக்குத் தெரியாது. இந்த ஒரு வாரமும் நடையில் உட்கார்ந்திருந்தாளே தவிர, காது முழுக்கக் கடல் பக்கமே இருந்தது. மணியை யார் பார்த்தார்கள்?

“பாத்துட்டு வந்து சொல்லுங்க,” என்றார் பிரதர்.

இரண்டாவது மெழுகுவர்த்தியை ஏற்றினார். அன்றும் அவள் சேர்ந்து பாடவில்லை. பிரதர் அதைக் கவனித்தார்.



மூன்றாவது ஞாயிறு. ரோஸ் மெழுகுவர்த்தியின் முறை. காத்திருப்பில் பாதிக்கு மேல் கடந்துவிட்டது, சந்தோஷப்படுங்கள் என்பதற்காக அந்த நிறம்.

செசிலியின் முகத்தில் சந்தோஷம் இல்லை.

“ஏழேகால்,” என்றாள் வந்ததும்.

“தினமுமா?”

“தினமும். ஆறரை பஸ் ஆறரைக்கு வந்திருது. நான் சத்தம் கேக்குதேன். அவ ஏழேகாலுக்குத்தான் வீட்டுக்கு வாரா.”

“எங்க இருந்தேன்னு கேட்டீங்களா?”

“கேக்கல்ல.”

“ஏன்?”

அவள் சேலை முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

“போன வாரம் உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன், பிரதர். மொத நாளு நான் ரோட்டு வாசல்ல உக்காந்திருந்தேன்லா. இவ வந்தா. என்னைப் பாத்ததும் அப்படியே நின்னுட்டா. கையில இருந்த பை கீழ விழுந்துட்டு.”

பிரதர் தீக்குச்சியைக் கையில் எடுத்தவர் உரசாமல் நிறுத்தினார்.

“‘அப்பா உடம்பு கெடச்சிட்டா அம்மா?’ன்னு கேட்டா.”

பிரதர் தீக்குச்சியைக் கீழே வைத்தார்.

“நான் அந்த வாசல்ல உக்காந்து நாலு வருஷம் ஆச்சு. ஏதாவது நடந்தாத்தான் நான் அங்க உக்காருவேன்னு பிள்ளை நெனச்சிட்டா. இல்ல மக்ளே, சும்மாதான் உக்காந்தேன்னு சொன்னேன். பையை எடுத்துட்டு உள்ள போயிட்டா. அன்னைக்கு அவ சோறு திங்கல்ல.”

அவள் அழுதாள். மீன்காரி அழுதால் அதுவும் நாலு பேருக்குக் கேட்கும்படிதான் இருக்கும். பிரதர் தேற்றவில்லை. தண்ணீர் மட்டும் மொண்டு கொடுத்தார்.

அவள் குடித்து முடித்ததும் சொன்னார்: “நாளைக்கு நடையில உக்கார வேண்டாம். பஸ் ஸ்டாப்புக்குப் போங்க.”



திங்கட்கிழமை. ஆறு இருபதுக்கே செசிலி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த குருசடிச் சிற்றாலயத்தின் சுவர் ஓரமாக நின்றுகொண்டாள். மகளை ஒளிந்திருந்து பார்ப்பது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. குருசடியில் இருந்த அந்தோனியாரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆறரை பஸ் வந்தது. ரெஜிலா இறங்கினாள்.

வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பஸ் ஸ்டாப்பின் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். போனைக் கையில் எடுக்கவில்லை.

ஆறு ஐம்பதுக்கு இன்னொரு பஸ் வந்தது. ரெஜிலா எழுந்து நின்றாள். இறங்கிய ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒரு கிழவர் மெதுவாகப் படியிறங்கினார்; அவரைக் குனிந்து பார்த்தாள். பஸ் போனதும் மறுபடி உட்கார்ந்தாள்.

செசிலி சுவர் ஓரத்தை விட்டு வெளியே வந்தாள். ரோட்டைத் தாண்டிப் போய் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ரெஜிலா திடுக்கிட்டாள். ஆனால் எழவில்லை.

“யாரைப் பாக்குதே?”

“சும்மாதான்.”

“தினமுமா சும்மா பாக்குதே?”

ரெஜிலா ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். “அந்தப் புயல்ல தப்பிச்சவங்க யாராவது கடல் வழியா வந்தாங்களா அம்மா? பிச்சையப்பன் மாமா வந்தாரு. அவரு மச்சான் வந்தாரு. மொத்தம் ஆறு பேரு வந்தாங்க. எந்தெந்தக் கரையிலயோ ஏறி, ஆஸ்பத்திரியில கெடந்து, எல்லாரும் பஸ்லதான வந்தாங்க.”

செசிலிக்கு அது ஞாபகம் வந்தது. புயல் முடிந்து இருபதாவது நாள். ஊரே பஸ் ஸ்டாப்புக்கு ஓடிற்று. அவள் மட்டும் கடற்கரையில் நின்றிருந்தாள். ஆறு பேர் வந்து இறங்கியதை அவள் பார்க்கவே இல்லை. பிள்ளை பார்த்திருக்கிறது. ஏழாவதாக ஒருவர் இறங்குவார் என்று அன்றைக்கு பஸ் படியையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது.

“எங்கிட்ட ஏன் சொல்லல்ல?”

“நீங்க அந்த வாசல்லயே இருப்பீங்க. முதுகைத்தான் பாக்கலாம்.” ரெஜிலாவின் குரலில் குற்றம் சாட்டுவது ஒன்றும் இல்லை. நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள். “விளக்கும் அங்கதான் இருக்கும். நான் வரும்போ வீடு இருட்டாத்தான் இருக்கும். இங்கயாவது லைட்டு இருக்கு.”

ஏழு பத்து பஸ் வந்தது. நான்கு பேர் இறங்கினார்கள். இந்தத் தடவை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

பஸ் போய், தூசி அடங்கிற்று.

“கார்டுல அப்பா பேருக்கு முன்னால என்ன போடட்டும், மக்ளே?”

நான்கு வருஷத்தில் அப்பாவைப் பற்றி அவள் மகளிடம் கேட்ட முதல் கேள்வி அது. ரெஜிலா முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். செசிலி அவளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். எவ்வளவு மெலிந்துவிட்டாள் என்று அப்போதுதான் கைக்குத் தெரிந்தது.



நான்காவது ஞாயிறு செசிலி மடத்துக்கு வரவில்லை.

பிரதர் தோபியாஸ் காலையில் நான்காவது மெழுகுவர்த்தியை ஏற்றாமல் வைத்திருந்தார். பத்து மணிக்கு ஒரு தடவை வாசலுக்கு வந்து பார்த்தார். பதினொரு மணிக்கு இரண்டு தடவை. காத்திருப்பைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிறவருக்கு ஒரு மீன்காரி வரவில்லை என்றதும் இருப்புக்கொள்ளவில்லை. கஞ்சி ஆறிப்போயிற்று. சாயங்காலம் வேறு வழியில்லாமல் மெழுகுவர்த்தியைத் தனியாக ஏற்றினார். பாட்டுப் பாடினார். அது அவருக்கே காதில் ஏறவில்லை.

அவசரப்பட்டு விட்டோமோ என்று நினைத்தார். பஸ் ஸ்டாப்புக்கு அனுப்பியிருக்கக் கூடாதோ என்று நினைத்தார். தாயும் மகளும் பேச்சை முறித்துக்கொண்டார்களோ, கல்யாணம் நின்றுவிட்டதோ என்று எண்ணி எண்ணிப் படுத்தார்.

இருபத்துநான்காம் தேதி வரைக்கும் பொறுத்தார். அன்றைக்குச் சாயங்காலம் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி, ரோட்டுக்கு வந்து, ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறினார். அது ஆறரை பஸ்.

ஊர் முழுக்க வீட்டுக்கு வீடு நட்சத்திர விளக்குத் தொங்கியது. கோயில் ஒலிபெருக்கியில் யாரோ ‘ஹலோ, ஹலோ’ என்று சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் நின்றது. கூட்டத்துக்குப் பின்னால் பிரதர் படியில் கால் வைத்தார்.

சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

வெளிச்சம் பிரதரின் முதுகுப் பக்கம் இருந்தது. யார் இறங்குகிறார் என்று அவர்களுக்கு உடனே தெரிந்திருக்காது. இரண்டு முகமும் ஒன்றாக அவரைப் பார்த்து நிமிர்ந்தன.

ஒரு நொடிதான். அவர் யார் என்று தெரிகிற வரைக்கும்தான்.

அவர் படியிலேயே நின்றுவிட்டார். அப்படி ஒரு முகத்தோடு யாரும் அவரைப் பார்த்ததில்லை. அவரும் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை. இருபது டிசம்பராக வாரும் ஆண்டவரே, வாரும் என்று பாடியவர் அவர். கண்டக்டர் விசிலை ஊதி, “இறங்குங்க சார், இறங்குங்க” என்றார். பிரதருக்கு வெட்கமாக இருந்தது.

“வாங்க பிரதர்,” என்றாள் செசிலி. “ஞாயித்துக்கிழமை வர முடியல்ல. இவளுக்குச் சேலை எடுக்கப் போயிட்டோம். உங்களுக்குக் கார்டு தரத்தான் நாளைக்கு மேட்டுக்கு வரணும்னு இருந்தோம்.”

ரெஜிலா பையிலிருந்து ஒரு கல்யாணக் கார்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். பிரதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருவிளக்கின் வெளிச்சத்தில் வாசித்தார்.

மணமகள்: ரெஜிலா. வியாகப்பன், செசிலி ஆகியோரின் மகள்.

“முன்னால ஒண்ணும் போடல்லியா?”

“போடல்ல,” என்றாள் ரெஜிலா.

“மாப்பிள்ளை வீட்டுல ஒத்துக்கிட்டாங்களா?”

“மாப்பிள்ளை வியாழக்கிழமை சாயங்காலம் இங்க வந்து எங்ககூட உக்காந்தாரு. மூணு பஸ் பாத்தாரு. பொறவு அவரே வீட்டுல போயிப் பேசிட்டாரு.”

“பூசைக்கு இன்னும் நேரம் கெடக்கு. வீட்டுக்கு வாங்க, காப்பி குடிக்கலாம்,” என்றாள் செசிலி. “இன்னைக்கு இவளுக்குக் கடை லீவு. லைட்டு எல்லாம் போட்டுட்டுத்தான் வந்திருக்கோம்.”

பிரதர் தோபியாஸ் நகரவில்லை. கார்டைப் பத்திரமாகப் பையில் வைத்தார். பெஞ்சில் அவர்களுக்கு நடுவே இருந்த கொஞ்ச இடத்தைக் காட்டி, “நானும் உக்காரட்டுமா, அக்கா?” என்று கேட்டார்.

செசிலி நகர்ந்து இடம் விட்டாள்.

அவர் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார். ரோடு காலியாகக் கிடந்தது.

“அடுத்த பஸ் எப்ப?”

“ஆறு அம்பதுக்கு, பிரதர்,” என்றாள் ரெஜிலா.